பதினோரு குழியில் ஒரு டவர்

கேள்வி:



திருவையாறு வட்டத்தில் குடமுருட்டிப் பாசனத்தில் சாகுபடி செய்கிறேன். சொந்த நிலம் 7 மா. அதோடு ரோட்டை ஒட்டிய கோயில் நிலம் 2 ஏக்கர், அப்பா காலத்திலிருந்து குத்தகை. எங்கள் தெருவில் சிக்னல் சரியாக இல்லை. சிங்கப்பூரிலிருந்து மகள் பேசினால் மாடிக்கு ஏறி, தண்ணீர்த் தொட்டி பக்கம் நின்றால்தான் காதில் விழும். நெல் போடப் பதிவு செய்யும்போது ஓ.டி.பி. வருவதற்கும் அதே மாடிதான்.

போன மாதம் எனக்கு ஒரு போன் வந்தது. என் நிலம் டவர் வைக்கத் தேர்வாகியிருக்கிறதாம். முன்பணம் 30 லட்சம், மாத வாடகை 40,000, வீட்டில் ஒருவருக்குக் காவலர் வேலை என்றார்கள். டிராய் கொடுத்த தடையில்லாச் சான்று என்று வாட்ஸ்அப்பில் ஒரு கடிதமும் வந்தது. பதிவுக் கட்டணம் 28,500 கட்டச் சொல்லி தினமும் கூப்பிடுகிறார்கள்.

இதற்கிடையில் இரண்டு பேர் பைக்கில் நேரிலேயே வந்தார்கள். ஒரு கோபுரக் கம்பெனிக்காக இடம் பார்க்கிறோம் என்று சொல்லி, போனை வைத்து அளவெடுத்து, ரோட்டோரம் 11 குழி இருந்தால் போதும் என்றார்கள். அவர்கள் காசு எதுவும் கேட்கவில்லை. அவர்களுக்குப் பிடித்தது கோயில் நிலம்.

அன்றிலிருந்து பக்கத்து வயல்காரர் என்னோடு பேசுவதில்லை. டவர் வந்தால் தென்னை பட்டுப்போகும், குருவி வராது, புற்றுநோய் வரும் என்று ஊரில் பேச்சு. ஊராட்சியில் விசாரித்தால், இது பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம், டவர் வைக்கவே முடியாது என்கிறார் ஒருவர். எங்களைக் கேட்கவே தேவையில்லை, எல்லாம் மத்திய அரசு என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி? நான் என்ன செய்ய வேண்டும்?

— ஒரு விவசாயி, திருவையாறு வட்டம்

பதில்:

ஐயா, உங்கள் கடிதம் வந்த அன்றே, பணம் கட்டாதீர்கள் என்று ஒரே வரி எழுதி அஞ்சலட்டை போட்டேன். கிடைத்திருக்கும் என்று நம்புகிறேன்.

போனில் வந்ததும் பைக்கில் வந்ததும் வேறு வேறு விஷயங்கள். இரண்டையும் ஒன்றாக எண்ணிக் குழம்ப வேண்டாம். போனில் வந்தது மோசடி. டிராய் என்பது 1997ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம். கட்டணம், சேவையின் தரம், வாடிக்கையாளர் பாதுகாப்பு இவற்றுக்கு விதி வகுப்பதும், அரசுக்குப் பரிந்துரை செய்வதும்தான் அதன் வேலை. யார் நிலத்திலும் டவர் வைக்க அது தடையில்லாச் சான்று கொடுப்பதில்லை. இதை அந்த ஆணையமே பலமுறை பொது அறிவிப்பாக வெளியிட்டிருக்கிறது. ஆகவே டிராய் சான்று என்று ஒரு தாள் வந்தாலே அது போலி என்று தள்ளிவிடலாம். முத்திரை சரியா, கையெழுத்து சரியா என்று ஆராய வேண்டியதில்லை.

உண்மையான டவர் என்றால் கம்பெனி உங்களுக்கு வாடகை தரும். உங்களிடமிருந்து பதிவுக் கட்டணம், ஜி.எஸ்.டி., காப்பீடு என்று எந்தப் பெயரிலும் ஒரு ரூபாய்கூட வாங்காது.

பாபநாசம் பக்கம் ஒரு வீட்டில் இப்படி ஒரு கடிதத்தைப் படித்துச் சொல்லும்படி என்னைக் கூப்பிட்டார்கள். அந்த அம்மா தகரப் பெட்டியைத் திறந்து, பட்டா, கிரயப் பத்திரத்தோடு லேமினேட் செய்து வைத்திருந்த தாளை எடுத்துக் கொடுத்தார். மேலே சிங்க முத்திரை, கீழே மூன்று ரப்பர் ஸ்டாம்ப். அரசுத் துறையின் பெயரிலேயே எழுத்துப் பிழை. முதலில் 15,000 கேட்டிருக்கிறார்கள். அடுத்து வரி என்று 32,000. பிறகு, பணம் லாரியில் கிளம்பிவிட்டது, டெலிவரிக் கட்டணம் மட்டும் பாக்கி என்று 20,000. மூன்றாவது தவணைக்கு அவர் காதில் கிடந்த தோட்டை அடகு வைத்திருந்தார். நான் வாய் திறப்பதற்குள், "லேமினேட் பண்ணினதால செல்லாமப் போயிடுமா தம்பி?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அவர் அந்தத் தாளைச் சந்தேகப்படவே இல்லை. அரசு முத்திரை போட்ட காகிதத்தின் மேல் நம் ஊர் ஜனங்கள் வைத்திருக்கும் மரியாதையைத்தான் இந்தக் கூட்டம் திருடுகிறது.

யாராவது ஏற்கெனவே பணம் அனுப்பியிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்குப் பேசச் சொல்லுங்கள். பணம் கணக்கு மாறி மாறிப் போய்விடுவதற்குள் சொன்னால்தான் வங்கியில் நிறுத்தி வைக்க வழி உண்டு. வெட்கப்பட்டு இரண்டு நாள் வீட்டுக்குள் வைத்திருந்தால் அந்த வழியும் அடைபட்டுவிடும். உங்களைப் போல் பணம் கொடுக்காமல் தப்பித்தவர்களும் சும்மா இருக்க வேண்டாம். தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் சக்ஷு என்று ஒரு பகுதி இருக்கிறது. 2024 மார்ச்சில் தொடங்கியது. அழைத்த எண்ணையும் வாட்ஸ்அப் கடிதத்தையும் அதில் பதிவு செய்யலாம். பக்கத்து இ-சேவை மையத்தில் செய்து தருவார்கள். நீங்கள் புகார் செய்தால் அதே எண்ணிலிருந்து அடுத்த ஊருக்கு அழைப்பு போகாமல் தடுக்க முடியும்.

இனி பைக்கில் வந்தவர்கள். காசு கேட்கவில்லை, இடத்தை அளந்தார்கள், 11 குழி என்றார்கள். குழி 144 சதுர அடி. 11 குழி என்றால் ஏறத்தாழ 40 அடிக்கு 40 அடி. தரையில் நிற்கும் கோபுரத்துக்குச் சாதாரணமாகக் கேட்கும் அளவுதான் இது. ஆகவே இவர்கள் உண்மையாகவே இடம் தேடுகிறவர்களாக இருக்கலாம். அப்படிப்பட்டவர்கள் பெரும்பாலும் கம்பெனியின் ஊழியர்களாக இருக்க மாட்டார்கள், இடம் பிடித்துக் கொடுக்கும் தரகர்களாக இருப்பார்கள். நாடு முழுவதும் பெரும்பாலான டவர்கள் ஜியோ, ஏர்டெல் பெயரில் நேரடியாக இருப்பதில்லை. இண்டஸ் டவர்ஸ் போன்ற கோபுரக் கம்பெனிகள் கட்டி, போன் கம்பெனிகளுக்கு வாடகைக்கு விடுகின்றன. இந்தக் கோபுரக் கம்பெனிகள் தொலைத்தொடர்புத் துறையில் பதிவு பெற்றிருக்க வேண்டும், அந்தப் பட்டியல் துறையின் இணையதளத்தில் இருக்கிறது. தரகர் சொன்ன கம்பெனியின் பெயர் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு அவர் கொடுத்த எண்ணை விட்டுவிட்டு, கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்கு நீங்களாகப் பேசி, இப்படி ஓர் ஆளை அனுப்பினீர்களா என்று கேளுங்கள்.

அடுத்தது கோயில் நிலம். இதில் நான் கண்டிப்பாகத்தான் சொல்லுவேன். அந்த நிலத்தை டவருக்குக் கொடுக்க உங்களுக்கு உரிமை இல்லை. அதில் உங்களுக்கு இருப்பது சாகுபடி உரிமை மட்டும். நிலத்தைச் சாகுபடிக்கு அல்லாமல் வேறு வேலைக்கு விட்டால், குத்தகைதாரரை வெளியேற்ற அதுவே காரணமாகிவிடும். கோயில் நிர்வாகமே முன்வந்தாலும், 1959ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 34ஆம் பிரிவின்படி, 5 ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்கு ஆணையரின் அனுமதி வேண்டும். டவர் குத்தகை 5 ஆண்டோடு முடிகிற விஷயம் அல்ல, 15, 20 ஆண்டு என்று கேட்பார்கள். “நீங்க ஒரு கையெழுத்துப் போடுங்க, கோயில் பக்கம் நாங்க பார்த்துக்கறோம்” என்று தரகர் சொன்னால் நம்ப வேண்டாம். மாதம் சில ஆயிரத்துக்காக அப்பா காலத்துக் குத்தகையைப் பணயம் வைத்துவிடாதீர்கள்.

ஆக, உங்களுடைய 7 மாவில் ரோட்டுக்கு வழி உள்ள மூலை இருந்தால் மட்டும் மேற்கொண்டு பேசலாம். அங்கேதான் உங்கள் அடுத்த கேள்வி வருகிறது: யார் அனுமதிக்க வேண்டும்?

ஊராட்சியில் உங்களுக்குக் கிடைத்த இரண்டு பதில்களில் முதலாவது தவறு. பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் 2020இல் வந்தது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களும் கடலூர், புதுக்கோட்டையின் சில வட்டாரங்களும் அதில் அடங்கும். துத்தநாக, தாமிர, அலுமினிய உருக்காலைகள், இரும்பு ஆலை, தோல் பதனிடுதல், கப்பல் உடைத்தல், எண்ணெய், எரிவாயு, மீத்தேன் எடுப்பது இவற்றில் புதிதாக எதுவும் வரக்கூடாது என்பதுதான் அந்தச் சட்டம் போட்ட தடை. கதிராமங்கலத்திலும் நெடுவாசலிலும் எண்ணெய், எரிவாயு எடுப்பதை எதிர்த்து ஜனங்கள் வெயிலில் உட்கார்ந்து வாங்கிய சட்டம் அது, அதன் அருமை எனக்குத் தெரியும். ஆனால் சாலை, மின்சாரம், குடிநீர், தொலைத்தொடர்பு போன்ற கட்டமைப்பு வேலைகளை அது தடுக்கவில்லை.

இரண்டாவது பதில் பெரிய அளவில் சரி. எனக்கு வருத்தம் தருவதும் அதுதான். தொலைத்தொடர்பு என்பது அரசியலமைப்பின்படி மத்திய அரசின் அதிகாரம். வெள்ளைக்காரன் 1885இல் போட்ட தந்திச் சட்டம்தான் நேற்றுவரை ஓடிக்கொண்டிருந்தது. யார் நிலத்தின் மேலும் கம்பி இழுக்கலாம், சேதத்துக்கு மட்டும் ஈடு கொடுத்தால் போதும் என்ற அதிகாரம் அதில் இருந்தது. கொங்குப் பக்கம் விவசாயிகள் உயர் அழுத்த மின்கோபுரத்துக்கு எதிராகப் போராடினார்களே, அங்கே மின் துறை கையில் எடுத்ததும் இதே தந்திச் சட்டத்தின் அதிகாரம்தான். அந்தச் செய்திகளைப் பார்த்துவிட்டு, நாம் மறுத்தாலும் செல்போன் டவரை வைத்துவிடுவார்கள் என்று டெல்டாவிலும் பலர் பயப்படுகிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. மின்பாதை போகிற வழியில் உங்கள் வயல் குறுக்கே வந்தால் அதைத் தவிர்ப்பது கடினம். செல்போன் டவருக்கு அரைக் கிலோமீட்டர் தள்ளியும் இடம் கிடைக்கும்.

2023 டிசம்பரில் வந்த தொலைத்தொடர்புச் சட்டம் அந்தப் பழைய சட்டத்தின் இடத்துக்கு வந்திருக்கிறது. நிலம், வழி உரிமை பற்றிய அதன் பிரிவுகள் 2024 ஜூன் 26 முதல் நடப்பில் உள்ளன. அதற்கான வழி உரிமை விதிகள் 2025 ஜனவரி 1 முதல் அமலாகின. தனியார் நிலம் என்றால் உரிமையாளரோடு ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும் என்பதுதான் அடிப்படை. அவர் மறுத்து, பொது நலனுக்கு அந்த இடம் கட்டாயம் தேவை என்று மத்திய அரசு கருதினால் வழி உரிமையை எடுத்துக்கொள்ளலாம் என்றும் ஒரு பிரிவு இருக்கிறது. அப்படி எடுத்தால் ஈட்டுத்தொகை பற்றிய வழக்கு மாவட்ட நீதிபதியிடம் போகும். மற்றத் தகராறுகளை மாவட்ட ஆட்சியர் தீர்ப்பார்.

அரசு நிலம், சாலையோரம் என்றால் விண்ணப்பித்து 67 நாளுக்குள் பதில் வராவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே கருதப்படும். தனியார் நிலத்துக்கு 2022ஆம் ஆண்டு விதித் திருத்தத்திலேயே உள்ளாட்சியின் அனுமதி தேவையில்லை என்று ஆகிவிட்டது. தனியார் கட்டடத்தின் மேல் டவர் வைப்பதானால்கூட, கட்டடம் தாங்கும் என்ற பொறியாளர் சான்றோடு முன்கூட்டி எழுத்தில் தகவல் தெரிவித்தால் போதும் என்றது அந்தத் திருத்தம். 2016இல் உச்ச நீதிமன்றம் டவருக்குச் சொத்து வரி போடலாம் என்று தீர்ப்பளித்தது. புதிய சட்டமோ, நிலத்தின் மேல் நிற்கும் தொலைத்தொடர்புக் கட்டமைப்பு அந்தச் சொத்தின் பகுதியாகாது, சொத்து வரிக்கும் அப்படித்தான் என்று எழுதிவிட்டது.

வேகமாகச் சிக்னல் போக வேண்டும் என்ற அவசரம் எனக்குப் புரிகிறது. டவர் வேலை தாமதமானதற்கு உள்ளாட்சிகளில் நடந்த இழுத்தடிப்பும் லஞ்சமும் ஒரு காரணம் என்பதும் உண்மை. அதற்காக, ஊரில் 100 அடி, 150 அடிக்கு ஒரு கோபுரம் எழும்போது ஊராட்சித் தலைவரே அதைப் பேப்பர்காரன் மூலமாகவோ கொத்தனார் மூலமாகவோ தெரிந்துகொள்ளும் நிலை சரியல்ல. அனுமதி மறுக்கும் அதிகாரம் ஊராட்சிக்கு வேண்டாம் என்றே வைத்துக்கொள்வோம். எங்கே வருகிறது, தண்ணீர் எந்தப் பக்கம் வடிகிறது என்று ஒரு கிராம சபைக் கூட்டத்தில் கேட்டுச் சொல்லும் உரிமையாவது இருக்க வேண்டாமா? இதை நான் துறையின் கருத்துக் கேட்புகளிலும் எழுதியிருக்கிறேன், இனியும் எழுதுவேன்.

இப்படி ஆனதால் உங்களுக்கு ஒரு பொறுப்பு கூடுகிறது. ஊராட்சி கேட்க முடியாத கேள்வியை, கையெழுத்துப் போடப் போகும் நீங்கள்தான் கேட்டாக வேண்டும். அதுவும் கையெழுத்துக்கு முன்னால். போட்ட பிறகு சட்டம் பெரும்பாலும் கோபுரத்தின் பக்கம்தான் நிற்கும்.

கதிர்வீச்சுப் பயத்தைப் பற்றியும் பேசிவிடுவோம், ஏனென்றால் பக்கத்து வயல்காரர் பேசாமல் போனது அதனால்தான். டவருக்கான மின்காந்தக் கதிர்வீச்சு வரம்பை இந்தியா 2012 செப்டம்பர் 1 முதல் சர்வதேச வரம்பில் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தது. 900 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு ஒரு சதுர மீட்டருக்கு 0.45 வாட், 1800க்கு சுமார் 0.9 வாட், அதற்கு மேற்பட்ட 4ஜி, 5ஜி அலைகளுக்கு 1 வாட். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2011இல் இந்த அலைகளை, புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற சந்தேகப் பட்டியலில் வைத்தது உண்மை. அந்தச் செய்திதான் ஊர் ஊராகப் பரவியது. அதே உலக சுகாதார நிறுவனம் கேட்டுக்கொண்டு 2024இல் வெளியான பெரிய ஆய்வுத் தொகுப்பு, செல்போன் பயன்பாட்டுக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு தெரியவில்லை என்று சொன்னது. அந்தச் செய்தி பரவவில்லை.

இன்னொன்றும் அவருக்குச் சொல்லுங்கள். கோபுரத்தின் ஆண்டெனா டார்ச் விளக்கு மாதிரி முன்பக்கமாகத்தான் வீசும், நேர் அடியில் வீச்சு குறைவு. டவர் தூரத்தில் இருந்தால் காதோடு ஒட்டியிருக்கும் போன்தான் முழு சக்தியோடு அலையை அனுப்பித் திணறும். மாடியில் நின்று சிங்கப்பூருக்குப் பேசும்போது உங்கள் போன் சூடாகிறதே, அதற்கு ஒரு காரணம் இது. சொல்லை நம்பாதவருக்கு அளந்து பார்க்கவும் வழி இருக்கிறது. தரங் சஞ்சார் என்ற அரசுத் தளத்தில் உங்கள் பகுதி டவர்கள் வரம்புக்குள் இருக்கின்றனவா என்று இலவசமாகப் பார்க்கலாம். 4,000 ரூபாய் கட்டினால் தொலைத்தொடர்புத் துறை ஆட்களே வந்து கேட்ட இடத்தில் அளந்து கொடுப்பார்கள்.

தென்னையையும் குருவியையும் பற்றி ஊரில் பேசுவது, செல்போன் அலையால் பறவைகள் சாவதாகக் காட்டிய 2.0 படம் வந்த பிறகு அதிகமாகிவிட்டது. அந்தப் படம் 2018 நவம்பர் 29இல் வந்தது. அதற்குச் சரியாக 13 நாள் முன்னால், நவம்பர் 16 விடியற்காலையில், கஜா புயல் கரை ஏறியது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கம் தென்னந்தோப்புகள் தரையோடு படுத்தன. டவர்களும் சாய்ந்தன, நின்றவற்றுக்கும் கரண்ட் இல்லை. வெளியூரில் இருந்த பிள்ளைகள் நாள் கணக்காக அப்பா அம்மா உயிரோடு இருக்கிறார்களா என்று தெரியாமல் தவித்தார்கள். சிக்னல் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று டெல்டா கற்றுக்கொண்ட வாரம் அது. தென்னை காய்ப்புக் குறைந்ததற்கு டவரைக் குற்றம் சொல்லும் முன் மட்டையைத் திருப்பிப் பாருங்கள். 2016இல் பொள்ளாச்சிப் பக்கம் முதலில் தெரிந்து பிறகு எங்கும் பரவிய சுருள் வெள்ளை ஈ அடியில் வெள்ளை வட்டமாக உட்கார்ந்திருக்கும். குரும்பை உதிர்வுக்கும் காய் சிறுப்பதற்கும் ஈரியோஃபைட் சிலந்தி இருக்கிறது. இவற்றுக்கு வைத்தியம் உண்டு.

எனக்குக் கதிர்வீச்சைவிடப் பெரிய கவலை வேறு. அதை ஒப்பந்தம் எழுதுகிறவர்கள் யாரும் நினைப்பதே இல்லை. வெண்ணாற்றுப் பக்கம் ஒரு சம்பா வயலில் அதைக் கண்ணால் பார்த்தேன். ஐப்பசி மழை முடிந்து நான்கு நாள். டவருக்காக லாரி லாரியாகச் செம்மண் கொட்டி வரப்புக்கு மேல் மூன்றடி உயர்த்தியிருந்தார்கள், ரோட்டிலிருந்து அதுவரை வண்டிப்பாதையும் போட்டிருந்தார்கள். பாதை நேராக வடிவாய்க்காலின் மேல் போயிருந்தது. அடியில் ஒரு சிமெண்ட் குழாய்கூடப் பதிக்கவில்லை. மேற்கே இருந்த வயலில் முழங்கால் தண்ணீர், நடவு முடிந்து இருபது நாள் ஆன பயிர் நுனி மட்டும் தெரிய மஞ்சளாக மிதந்தது. ஜெனரேட்டர் பக்கம் டீசல் சிந்தி, தண்ணீரின் மேல் மயில் கழுத்து நிறத்தில் படலம் போட்டிருந்தது. அந்த வயல் டவருக்கு இடம் கொடுத்தவருடையது அல்ல. பக்கத்து வயல்காரருக்கு வாடகையும் கிடையாது, ஈடும் கிடையாது.

ஆகவே பத்திரத்தில் முதலில் எழுத வேண்டியது தண்ணீர். மண் எவ்வளவு உயரம் கொட்டலாம், பாதை எந்த வரப்பின் மேல் போகும், வாய்க்காலைத் தாண்டும் இடத்தில் எத்தனை அங்குலக் குழாய் பதிக்க வேண்டும், அடைத்தால் எத்தனை நாளில் எடுக்க வேண்டும், பக்கத்துப் பயிர் சேதமானால் யார் ஈடு கொடுப்பது – இவை எல்லாம் எழுத்தில் வரட்டும். டீசல் தொட்டிக்குச் சிமெண்ட் தரையும் சுற்றித் தடுப்பும் கேளுங்கள். இரவு விளக்கு வயலைப் பார்க்காமல் உள்பக்கம் திரும்பியிருக்கட்டும். விளக்குப் பொறி வைத்துக் குருத்துப் பூச்சியின் அந்துப்பூச்சியைப் பிடிக்கும் நமக்கு, வெளிச்சம் எதைக் கூட்டி வரும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அடுத்து, வெளியேறும் வழி. தரகர் கொண்டுவரும் மாதிரிப் பத்திரத்தில் பெரும்பாலும் கம்பெனி இரண்டு மூன்று மாத நோட்டீஸில் எப்போது வேண்டுமானாலும் கிளம்பலாம் என்று இருக்கும். நீங்கள் மட்டும் 15, 20 ஆண்டு நகர முடியாது. அந்தச் சமமின்மையைக் குறைக்கப் பேசுங்கள். தமிழ்நாட்டிலேயே பிறந்து வளர்ந்த ஏர்செல் 2018இல் திவாலாகி, ஜனங்கள் எண்ணை மாற்றிக்கொள்ள வரிசையில் நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். போன் கம்பெனி போனால் அதன் ஆண்டெனாவைத் தாங்கிய கோபுரக் கம்பெனிக்கு வாடகை நின்றுபோகும், அடுத்தபடியாக உங்களுக்கும். ஆகவே ஆறு மாத வாடகையாவது வைப்புத்தொகையாக வாங்கிக்கொள்ளுங்கள். கிளம்பும்போது இரும்பை மட்டும் கழற்றிக்கொண்டு போய்விடக் கூடாது. வண்டலுக்குள் இறக்கிய கான்கிரீட்டை உடைத்து எடுத்து, மேல்மண் போட்டு, நிலத்தை உழும் நிலையில் ஒப்படைக்க வேண்டும் என்று எழுதுங்கள். இல்லாவிட்டால் உங்கள் பேரன் காலத்திலும் அந்த 11 குழியில் கலப்பை இறங்காது.

குத்தகை ஓராண்டுக்கு மேல் என்றால் சார் பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தாக வேண்டும், செலவு கம்பெனியுடையது. நஞ்சையை வேறு உபயோகத்துக்கு மாற்ற அனுமதி தேவைப்பட்டால் அதை வாங்கும் பொறுப்பும் அவர்களுடையதே என்று ஒரு வரி வேண்டும். இந்த வாடகை விவசாய வருமானம் ஆகாது, வருமான வரிக் கணக்கில் வரும்.

ஐயா, உங்கள் கடிதத்தில் நீங்கள் கேள்வியாகக் கேட்காமல் விட்ட ஒன்று என்னை உறுத்துகிறது. அறுத்த நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட ஓ.டி.பி. வேண்டும் என்று விதி வைத்தது அரசு. அந்த ஓ.டி.பி. வந்து சேரும் சிக்னலைத் தருவதை மட்டும் தனியார் கம்பெனியின் லாபக் கணக்குக்கு விட்டுவிட்டது. உங்கள் தெருவில் 60 வீடு, டவர் வைத்தால் கட்டுப்படியாகாது என்று அவன் கணக்குப் போட்டால், நீங்கள் மாடி ஏற வேண்டியதுதான். இதற்காகத்தான் போன் கம்பெனிகளின் வருமானத்தில் 5 சதவீதம் கிராமச் சேவைக்கென்று ஒரு நிதிக்குப் போகிறது. புதிய சட்டம் அதற்கு டிஜிட்டல் பாரத் நிதி என்று பெயர் மாற்றியிருக்கிறது. அந்த நிதியில்தான் பாரத்நெட் கண்ணாடி இழைக் கம்பியும் வருகிறது. தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளுக்கும் அதை இழுக்கும் வேலை டான்ஃபிநெட் நிறுவனத்திடம் இருக்கிறது. உங்கள் ஊராட்சி அலுவலகத்தில் அந்தக் கம்பிக்கான இணைப்புப் பெட்டி பொருத்தியிருக்கிறதா, விளக்கு எரிகிறதா என்று போய்ப் பாருங்கள். எரிந்தால் வீட்டுக்கு இணைப்புக் கேளுங்கள், டவர் வராவிட்டாலும் மகளோடு திண்ணையில் உட்கார்ந்து பேசலாம். பூட்டிக் கிடந்தால் கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். எந்தெந்தத் தெருவில் சிக்னல் இல்லை என்பதையும் அதே தீர்மானத்தில் எழுதி ஆட்சியருக்கும் தொலைத்தொடர்புத் துறைக்கும் அனுப்புங்கள்.

பைக்கில் வந்தவர்கள் திரும்ப வந்தால் தனியாகப் பேச வேண்டாம். பக்கத்து வயல்காரரை நீங்களே போய்க் கூப்பிடுங்கள், பேச்சு விட்டுப்போனதைப் பார்க்காதீர்கள். இரண்டு பேருமாக அவர்களை வரப்பில் நடத்திக் கூட்டிப் போய், உங்கள் வயல் தண்ணீர் எங்கே வடிகிறது, அவர் வயல் தண்ணீர் எங்கே வடிகிறது என்று காட்டுங்கள். அவர்கள் வரைபடம் போட்டு அனுப்பும்போது அந்த வடிவாய்க்கால் அதில் ஒரு கோடாக வந்திருக்கிறதா என்று பாருங்கள். வராவிட்டால், வரும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.